‘கிளவுட் நைன்’: அந்த ஒன்பது எங்கிருந்து வந்தது?

ஆங்கிலச் செய்திகளில் அடிக்கடி கண்ணில் படும் தொடர், ‘ஆன் கிளவுட் நைன்’. கோப்பையை வென்ற அணித்தலைவர், முதல் பிள்ளை பெற்ற நடிகை, மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்த மாணவி என யாரைப் பற்றிய செய்தியாக இருந்தாலும், ‘அவர் கிளவுட் நைனில் இருக்கிறார்’ என்று ஒரு வரி வந்துவிடும். சொல்லுக்குச் சொல் பார்த்தால் ‘ஒன்பதாம் மேகத்தின் மேல்’. பெருமகிழ்ச்சியைத்தான் சொல்கிறார்கள் என்பது சூழலிலேயே விளங்கிவிடும். விளங்காதது அந்த எண். மேகத்துக்கு எண் போட்டது யார்? ஒன்பதாவது என்று ஒன்று இருந்தால் எட்டாவது எது, பத்தாவது எது?

இணையத்தில் இதற்கு ஆயத்தமாக ஒரு விடை கிடைக்கும். வானிலை அறிஞர்கள் மேகங்களைப் பத்து வகையாகப் பிரித்து எண் கொடுத்தார்கள், அதில் ஒன்பதாவதுதான் வானளாவ உயரும் மேகம், எனவே அதன் உச்சியில் இருப்பவர் மகிழ்ச்சியின் உச்சியில் இருக்கிறார் என்பது அந்த விடை. ஆண்டும் புத்தகப் பெயரும் சேர்த்தே சொல்லப்படுவதால் நம்பத் தோன்றும். அதிலுள்ள அறிவியல் செய்தி பெரும்பாலும் உண்மைதான். ஆனால் அந்த அறிவியலிலிருந்துதான் இந்தத் தொடர் பிறந்தது என்பதற்கு ஆதாரம் இல்லை. கிடைத்திருக்கும் ஆதாரங்கள் வேறு திசையைக் காட்டுகின்றன.

முதலில், பொருள்

மகிழ்ச்சி என்ற ஒரே சொல்லுக்குள் பல நிலைகள் உண்டு. நாற்பது ஆண்டு நல்ல இல்லறம் நடத்தியவரின் மனநிறைவும் மகிழ்ச்சிதான். தேர்வு முடிவு வந்த அரை மணி நேரத்தில் வீட்டுக்குள் நிற்கவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் தவிக்கும் துள்ளலும் மகிழ்ச்சிதான். ‘கிளவுட் நைன்’ இந்த இரண்டாவதை மட்டுமே குறிக்கும். அதன் பயன்பாட்டில் கவனிக்க வேண்டியவை மூன்று.

1. ஒரு நிகழ்வு அதற்குக் காரணமாக இருக்கும். வெற்றி, காதல், பிறப்பு, வேலை என்று ஏதோ ஒன்று நடந்திருக்க வேண்டும்.

2. அது கொஞ்ச காலமே நீடிக்கும். சில மணி நேரம், சில நாள், மிஞ்சினால் சில வாரம். ‘வாழ்நாள் முழுவதும் கிளவுட் நைனில் இருந்தார்’ என்று எழுதினால் ஆங்கிலக் காதுக்கு ஒட்டாது.

3. தரையோடு தொடர்பு அற்றுப்போன சாயல் அதில் லேசாக இருக்கும். மேகத்தின் மேல் இருப்பவருக்குக் கீழே நடப்பது சரியாகத் தெரியாது. இந்தச் சாயல் தற்செயலானதன்று. தொடரின் பழைய பொருளே அதுதான் என்பதைப் பின்னால் பார்க்கலாம்.

மேகங்களுக்குப் பெயர் வைத்த கதை

1802-ஆம் ஆண்டு டிசம்பரில் லண்டனில் ஒரு சிறிய அறிவியல் கழகத்தில் லூக் ஹோவார்ட் என்பவர் மேகங்களைப் பற்றி ஓர் உரை நிகழ்த்தினார். தொழிலால் அவர் மருந்து தயாரிப்பாளர். நொடிக்கு நொடி உருமாறும் மேகங்களையும் செடிகொடிகளைப் போல வகைப்படுத்தலாம் என்பது அவர் முன்வைத்த கருத்து. சுருள் முடி போன்றதற்கு ‘சிரஸ்’, குவியலாக இருப்பதற்கு ‘குமுலஸ்’, விரிப்பாகப் படர்ந்ததற்கு ‘ஸ்ட்ரேட்டஸ்’, மழை தருவதற்கு ‘நிம்பஸ்’ என லத்தீன் பெயர்களைச் சூட்டினார். நம் பள்ளிப் பாடநூல்களில் கீற்று மேகம், திரள் மேகம், படை மேகம் என்று படிப்பவை இவைதான். அதே ஆண்டில் பிரான்ஸில் உயிரியல் அறிஞர் லமார்க்கும் ஒரு வகைப்பாட்டை வெளியிட்டார். அவர் வைத்தவை பிரெஞ்சுப் பெயர்கள். பல நாட்டு அறிஞர்களுக்கும் பொதுவாக இருந்த லத்தீனில் பெயர் வைத்த ஹோவார்டின் முறையே நிலைத்தது. ஜெர்மானியக் கவிஞர் கதே அவரைப் போற்றிக் கவிதைகள் எழுதும் அளவுக்கு அதன் புகழ் பரவியது.

ஹோவார்ட் பெயர்தான் வைத்தார், எண் வைக்கவில்லை. எண் வந்தது 1896-இல். ஆளுக்கொரு பெயர் சொல்லாமல் எல்லா நாட்டு வானிலை நிலையங்களும் ஒரே மொழியில் பேச வேண்டும் என்பதற்காக அந்த ஆண்டு ‘பன்னாட்டு மேகப் படத்தொகுப்பு’ என்ற நூல் வண்ணப்படங்களோடு பிரெஞ்சு, ஜெர்மன், ஆங்கிலம் என மூன்று மொழிகளில் வெளிவந்தது. அதில் பத்து மேக வகைகள் வரிசையாகத் தரப்பட்டன. வரிசையின் ஒன்பதாம் இடத்தில் ‘குமுலோநிம்பஸ்’, அதாவது கார்திரள் மேகம். இடியும் மின்னலும் ஆலங்கட்டியும் கொண்டுவரும் அந்தப் பெரிய மேகம்தான்.

இதுவரை எல்லாம் சரி. இனிமேல்தான் கதையில் ஓட்டைகள்.

வரிசையை உண்மையாகவே படித்தால்

முதல் ஓட்டை, அந்த வரிசை போகும் திசை. பட்டியல் உயரத்திலிருந்து தாழ்வை நோக்கி இறங்குகிறது. 1-ஆம் எண் சிரஸ். பனிப்படிகங்களாலான, வானத்தின் மிக உயரத்தில் இழை இழையாகத் தெரியும் கீற்று மேகம் அது. 10-ஆம் எண் ஸ்ட்ரேட்டஸ், தரையை ஒட்டிய மூடுபனி போன்ற தாழ்ந்த படலம். இந்தப் பட்டியலைப் பார்த்து ‘உயரத்தில் இருக்கும் மேகம்’ என்று ஒருவர் எண்ணைத் தேடியிருந்தால் அவர் கைக்கு வந்திருக்க வேண்டியது ஒன்று. ஒன்பது கடைசிக்கு முந்தைய இடம். குமுலோநிம்பஸின் தலை மிக உயரத்துக்குப் போவது உண்மைதான், ஆனால் அதன் அடி தாழ்வாக இருப்பதால்தான் பட்டியலின் அடியில் இருக்கிறது.

இரண்டாவது, எண் ஒரே இடத்தில் நிற்கவில்லை. இன்றைய உலக வானிலை அமைப்பின் குறியீட்டில் மேக வகைகள் 0-இலிருந்து 9 வரை எண்ணப்படுகின்றன. சிரஸ் 0, குமுலோநிம்பஸ் 9. எண் என்னவோ ஒன்பதுதான், ஆனால் பூஜ்யத்திலிருந்து எண்ணுவதால் அது பத்தாவது மேகம். பழைய பட்டியலில் ஒன்பதாவது, புதிய குறியீட்டில் 9 என்ற இலக்கம் கொண்ட பத்தாவது. இரண்டு வெவ்வேறு முறைகளில் அதே இலக்கம் வந்து விழுந்தது தற்செயல். இந்தத் தற்செயல்தான் கதைக்கு வலுவூட்டியிருக்க வேண்டும் என்று தோன்றுகிறது. சரிபார்க்கப் போகிறவர் எந்தப் பட்டியலைத் திறந்தாலும் ஒன்பதைக் கண்டு திருப்தியோடு மூடிவிடுவார்.

மூன்றாவதுதான் முக்கியமானது. 1896-இல் பட்டியல் வந்தது. தொடரோ 1930-களில்தான் அச்சில் தலைகாட்டத் தொடங்குகிறது, அதுவும் வானிலைத் துறையில் இல்லை. வானிலை அறிஞரோ விமானியோ மாலுமியோ மகிழ்ச்சியைச் சொல்ல இதைப் பயன்படுத்தி, அது பொதுமக்களிடம் பரவியது என்றால் இடையில் சில தடயங்களாவது இருக்க வேண்டும். அப்படி ஒன்றும் காட்டப்படவில்லை. தொடர் தென்படும் இடம் அமெரிக்கத் தெருப்பேச்சு.

உண்மையான ஒன்பதாம் மேகத்துக்குள் போனவர்கள்

இங்கே சற்று நிற்பது தகும், ஏனென்றால் குமுலோநிம்பஸ் மகிழ்ச்சிக்கு எவ்வளவு பொருந்தாத மேகம் என்பது பலருக்குத் தெரியாது. ஈரமான சூடான காற்று வேகமாக மேலேறும்போது அது உருவாகிறது. நீராவி குளிர்ந்து துளியாகும்போது வெளிப்படும் வெப்பம் காற்றை இன்னும் மேலே தள்ளும். வெப்பமண்டலத்தில் அதன் தலை 15 கிலோமீட்டரைத் தாண்டும். உள்ளே மேல்நோக்கிய காற்றும் கீழ்நோக்கிய காற்றும் பக்கத்தில் பக்கத்தில் பாய்கின்றன. பயணிகள் விமானங்கள் அதைச் சுற்றிக்கொண்டு போவது அதனால்தான்.

1959-ஆம் ஆண்டு ஜூலை 26 அன்று அமெரிக்கக் கடற்படைப் பிரிவு விமானி வில்லியம் ராங்கின், சுமார் 47,000 அடி உயரத்தில் இப்படி ஒரு மேகத்துக்கு மேலே பறந்தபோது அவருடைய ஜெட் விமானத்தின் எஞ்சின் நின்றுபோனது. அழுத்த உடை இல்லாமலேயே வெளியே குதித்தார். சாதாரணமாகப் பத்து நிமிடத்தில் தரைக்கு வந்திருக்க வேண்டியவரை மேகம் ஏறக்குறைய 40 நிமிடம் விடவில்லை. பாராசூட்டோடு அவரை மேலே தூக்குவதும் கீழே எறிவதுமாக இருந்தது. காற்றில் இருந்த நீரின் அளவைப் பார்த்து, வானத்திலேயே மூழ்கிச் சாகப்போகிறோம் என்று அஞ்சினார். உறைபனியால் புண்பட்டு, ஆலங்கட்டியால் அடிபட்டு, வட கரோலினாக் காட்டில் விழுந்து உயிர் தப்பினார்.

2007 பிப்ரவரியில் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் பாராகிளைடிங் பயிற்சியில் இருந்த ஜெர்மன் வீராங்கனை எவா விஷ்னியெர்ஸ்காவை இதே வகை மேகம் உறிஞ்சி எடுத்தது. அவருடைய கருவியில் பதிவான உயரம் 9,946 மீட்டர். எவரெஸ்ட் சிகரத்தைவிட ஒரு கிலோமீட்டருக்கும் மேல் அதிகம். நினைவிழந்து, உடலில் பனி படிந்து, பின் தானாகக் கீழே வந்து பிழைத்தார். அதே புயலில் சிக்கிய சீன வீரர் ஒருவர் இறந்துபோனார்.

மேகத்தைத் தொழிலாகப் பார்த்தவர்கள் மகிழ்ச்சிக்கு உவமை தேடியிருந்தால் இந்த மேகத்தைத் தேர்ந்திருப்பார்களா? பஞ்சுப் பொதிபோல மெல்ல மிதக்கும் சிறிய திரள் மேகம் அவர்கள் கண்முன்னே இருந்தது.

ஏழு, எட்டு, ஒன்பது, முப்பத்தொன்பது

ஒரு தொடரின் பிறப்பைத் தேடும்போது முதலில் கேட்க வேண்டியது, ‘தேதியிட்ட அச்சுச் சான்று எது?’ என்பது. இந்தத் தொடருக்குக் கிடைத்துள்ள பழைய சான்றுகளை வரிசைப்படுத்தினால் ஒன்று பளிச்சென்று தெரியும்: எண் நிலையாக இல்லை.

1. 1935-இல் அமெரிக்கக் குற்ற உலகின் வழக்குச் சொற்களைத் தொகுத்து ஓர் அகராதி வெளிவந்தது. அதில் ‘கிளவுட் எய்ட்’ உண்டு. மேகத்தின் எண் எட்டு. பொருள், அளவுக்கு மீறிக் குடித்துத் தெளிவிழந்து கிடப்பது. மகிழ்ச்சி இன்னும் உள்ளே வரவில்லை.

2. 1946-இல் ஒரு கலிபோர்னியா நாளிதழில் ‘கிளவுட் நைன்’ வருகிறது. ஆனால் அங்கே அதிகாரிகள் எங்கிருந்தோ திடீரென்று எதையாவது இழுத்து விடுவார்கள் என்ற பொருளில் வருகிறது. நாம் ‘ஆகாயத்திலிருந்து குதித்தது போல’ என்று சொல்வோமே, அதற்குப் பக்கத்தில் வைக்கலாம்.

3. 1952-இல் இன்னொரு கலிபோர்னியா இதழ், ஓர் இசைத்தட்டை மெச்சும்போது அது ‘கிளவுட் நைன்’ உயரத்தில் இருப்பதாக எழுதுகிறது. இங்கேதான் இன்றைய பொருளின் வாசனை வருகிறது.

4. 1960-இல் வெளியான பெரிய அமெரிக்கக் கொச்சைச் சொல் அகராதி, முழு மகிழ்ச்சியில் திளைப்பதற்குத் தரும் தலைச்சொல் ‘கிளவுட் செவன்’. ஏழு! அன்று அதுவே பரவலான வடிவமாக அகராதிக்காரர்களுக்குப் பட்டிருக்கிறது.

‘முப்பத்தொன்பதாம் மேகம்’ கூடப் பதிவாகியிருக்கிறது.

வானிலைக் கதையை இந்த ஒரு பட்டியலே முடித்துவைக்கிறது. ஒரு குறிப்பிட்ட அட்டவணையின் 9-ஆம் வரியிலிருந்து தொடர் எடுக்கப்பட்டிருந்தால் தொடக்கத்தில் ஒன்பது உறுதியாக இருந்து, பிறகுதான் மக்கள் வாயில் சிதைந்திருக்க வேண்டும். நடந்தது நேர் எதிர். தொடக்கத்தில் எண் அலைந்து திரிந்து, கடைசியில்தான் ஒன்பதில் வந்து நின்றிருக்கிறது. பத்து வகை மட்டுமே உள்ள ஒரு பட்டியலில் முப்பத்தொன்பதுக்கு இடமே கிடையாது. பேசியவர்களுக்கு எண் ஓர் அளவையாக இருக்கவில்லை. ‘மிக மிக உயரத்தில்’ என்பதற்குத் தோதான ஒரு எண், அவ்வளவுதான்.

பொருள் நகர்ந்த பாதையும் இதில் தெரிகிறது. போதையில் மிதத்தல், பிறகு மிதத்தல், பிறகு மகிழ்ச்சியில் மிதத்தல். மேகத்துக்கு ஆங்கிலத்தில் மயக்கத்தோடு உள்ள உறவு மிகப் பழையது. கனவில் திரிபவரை ‘தலை மேகத்துக்குள் இருக்கிறது’ என்பார்கள். நடவாத கற்பனை உலகைச் சொல்லும் ‘கிளவுட் குக்கூ லேண்ட்’ என்ற தொடர், கிரேக்க நாடக ஆசிரியர் அரிஸ்டாபனிஸ் கி.மு. 414-இல் மேடையேற்றிய நாடகத்தில் பறவைகள் வானத்தில் கட்டும் நகரத்தின் பெயரிலிருந்து வந்தது. அந்தப் பழைய சாயல் முழுதாக மறையவில்லை. 1968-இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்து டெம்ப்டேஷன்ஸ் இசைக்குழு ‘கிளவுட் நைன்’ என்ற பெயரிலேயே ஒரு பாடலை வெளியிட்டபோது அது போதைப்பொருளைப் பற்றியதா என்று சர்ச்சை எழுந்தது. எழுதியவர்கள் மறுத்தார்கள். ஆனால் கேட்டவர்களுக்கு அப்படித் தோன்றியதற்கு 1935-ஆம் ஆண்டு அகராதி ஒரு காரணத்தைக் காட்டுகிறது.

ஏழு எங்கிருந்து?

ஏழாம் மேகத்துக்கு அருகில் பழைய உறவு ஒன்று இருக்கிறது: ‘இன் செவன்த் ஹெவன்’, அதாவது ஏழாம் சொர்க்கத்தில் இருப்பது. இதன் வேர் தெளிவானது.

தொலைநோக்கி வருவதற்கு முன், விண்மீன்களுக்கு நடுவே இடம் மாறும் ஒளிகளாக வெறுங்கண்ணால் கண்டவை ஏழு: சந்திரன், புதன், வெள்ளி, சூரியன், செவ்வாய், வியாழன், சனி. வானத்தை ஒரு சுற்று சுற்றிவரச் சந்திரனுக்கு ஏறத்தாழ 27 நாள், சனிக்கு ஏறத்தாழ 29 ஆண்டு. மெதுவாகச் செல்வது தொலைவில் இருக்கிறது என்று கொண்டு, பூமியைச் சுற்றி ஏழு வான அடுக்குகளைக் கற்பித்தார்கள். ஏழு கிழமைகளும் இந்த ஏழின் பெயர்களைத்தான் தாங்கியிருக்கின்றன.

ஏழு வானங்கள் என்ற எண்ணம் மேற்காசியச் சமயங்களில் ஆழமாக வேரூன்றியது. யூதர்களின் சமய நூலான தல்மூத் ஏழு வானங்களையும் தனித்தனிப் பெயரோடு விவரிக்கிறது; ஏழாவதுதான் இறைவனின் அரியணைக்கு இருப்பிடம். குர்ஆனும் ஏழு வானங்களைப் பேசுகிறது. விவிலியத்தில் பவுல், மூன்றாம் வானம் வரை எடுத்துச் செல்லப்பட்ட ஒரு மனிதனைக் குறிப்பிடுகிறார். ஈரேழு பதினான்கு உலகம் என்று சொல்லிப் பழகிய தமிழருக்கும் மேலே ஏழு, கீழே ஏழு என்ற அடுக்கு புதிதன்று. ஆக, ‘ஏழாம் சொர்க்கம்’ என்றால் அதற்கு மேல் போக இடமில்லாத உச்சி. அந்த ஏழு உண்மையாகவே எண்ணிப் போட்ட ஏழு.

மேற்கத்திய ஓவியங்களில் புனிதர்களும் தேவதைகளும் மேகத்தின் மேல்தான் அமர்ந்திருப்பார்கள். பத்திரிகைக் கேலிச்சித்திரங்களில் சொர்க்கத்தைக் காட்ட இன்றும் ஒரு மேகமும் யாழும் போதும். இந்தப் படிமம் எல்லார் மனத்திலும் இருக்க, ‘ஏழாம் சொர்க்கம்’ தெருப்பேச்சில் ‘ஏழாம் மேகம்’ ஆவதற்கு அதிக தூரமில்லை. போதையில் மிதப்பவரின் மேகமும் சொர்க்கத்தின் ஏழும் எங்கோ ஒன்று சேர்ந்திருக்கின்றன என்பதே கிடைக்கும் சான்றுகளோடு நன்றாகப் பொருந்தும் விளக்கம். எந்த வாயில், எந்த நாளில் சேர்ந்தன என்று காட்ட முடியாது. தெருப்பேச்சு பிறக்கும்போது யாரும் பதிவேட்டில் எழுதிவைப்பதில்லை.

ஏழைத் தள்ளி ஒன்பது வென்றது ஏன்?

எண் தாங்கிய தொடர்களில் எண் நிலையில்லாமல் மாறுவது ஆங்கிலத்தில் வேறு இடங்களிலும் நடந்திருக்கிறது. மிகத் தெளிவான எடுத்துக்காட்டு ‘த ஹோல் நைன் யார்ட்ஸ்’. ‘முழுவதும், ஒன்றுவிடாமல்’ என்பது பொருள். சொல்லுக்குச் சொல் ‘ஒன்பது கஜமும்’. இரண்டாம் உலகப்போரில் விமானத் துப்பாக்கியின் தோட்டாப் பட்டை 27 அடி நீளம், அதாவது ஒன்பது கஜம், அதை முழுதும் சுட்டுத் தீர்த்ததிலிருந்து வந்தது என்று ஒரு கதை நெடுநாள் உலாவியது. பழைய இதழ்கள் கணினியில் தேடும் வசதிக்கு வந்ததும் அந்தக் கதை உடைந்தது. இந்தியானாவின் ஓர் ஊர்ப் பத்திரிகையில் 1907-லேயே ‘ஒன்பது கஜம்’ கிடைத்தது. கென்டகியில் 1912-இல் ‘ஆறு கஜம்’ என்றும் கிடைத்தது. போருக்குப் பல ஆண்டு முன்பே, ஆறும் ஒன்பதுமாகத் தொடர் உலவியிருக்கிறது. எதையும் அளந்து சொன்ன எண்ணாக இருந்திருந்தால் ஆறாகவும் ஒன்பதாகவும் இருந்திருக்காது.

‘கிளவுட் நைன்’ இதே இனம். ஒன்பது வென்றதற்குக் காரணங்களாக மொழியில் ஏற்கெனவே இருந்த பழக்கங்களைச் சுட்டலாம்.

1. ஆங்கிலத்தில் ஒன்பதுக்கு ‘முழுமை’ என்ற மணம் உண்டு. மிக நேர்த்தியாக உடுத்தியவரை ‘ஒன்பதுகள் வரை உடுத்தியவர்’ என்பார்கள். ‘ஒன்பதுகள் வரை’ என்ற தொடர் 18-ஆம் நூற்றாண்டு ஸ்காட்லாந்துக் கவிதையிலேயே ‘குறைவின்றி’ என்ற பொருளில் இருக்கிறது. பூனைக்கு ஒன்பது உயிர். ஊரையே பேசவைத்து அடங்கும் அதிசயத்துக்கு ஒன்பது நாள்.

2. ஏழு ஏற்கெனவே சொர்க்கத்துக்குச் சொந்தம். மேகத்துக்கு வேறு எண் வந்தால் இரண்டு தொடர்களும் தனித்தனியாக நிற்கும்.

3. மிகைப்படுத்தல் எப்போதும் மேல்நோக்கியே நகரும். ஏழைவிட எட்டு, எட்டைவிட ஒன்பது. பத்தைத் தொடும்போது அது கணக்குப் போட்ட எண்போல வறண்டுவிடுகிறது.

இந்த மூன்றில் முதலாவதுதான் கனமானது என்பது என் கணிப்பு. 1949 முதல் 1962 வரை அமெரிக்காவில் ஒலிபரப்பான ஒரு துப்பறியும் வானொலித் தொடரே ஒன்பதைப் பரப்பியது என்றும் சொல்வார்கள். பரவ உதவியிருக்கலாம். ஆனால் 1946-ஆம் ஆண்டுச் சான்று அதற்கு முந்தையது என்பதால் அது பிறப்பிடமாக இருக்க முடியாது.

புத்தமும் தாந்தேயும்

பௌத்தத்தில் புத்தநிலையை நோக்கிச் செல்பவரான போதிசத்துவர் கடக்கும் பத்து நிலைகளில் ஒன்பதாவதிலிருந்து இது வந்தது என்றொரு கதையும் உண்டு. பத்து நிலைகள் இருப்பது உண்மை. அவற்றில் ஒன்றுக்கு மேகத்தின் பெயர் இருப்பதும் உண்மை: ‘தர்ம மேகம்’. ஆனால் அது பத்தாவது நிலை. ஒன்பதாவதன் பெயர் ‘சாதுமதி’, அதில் மேகம் இல்லை. 1930-களின் அமெரிக்கக் குடிகாரர் பேச்சுக்குள் மகாயான நூல் எப்படி நுழைந்தது என்பதையும் இந்தக் கதை சொல்வதில்லை.

இத்தாலியக் கவிஞர் தாந்தே சொர்க்கத்தை ஒன்பது வானங்களாகப் பாடினார் என்பதும் சரியே. ஏழு கோள்களின் வானம், விண்மீன் வானம், எல்லாவற்றையும் இயக்கும் வானம் என ஒன்பது. அவை சுழலும் கோளங்கள், மேகங்களல்ல. இறைவன் இருப்பதும் அந்த ஒன்பதையும் தாண்டிய இடத்தில். நவக்கிரகத்தோடு முடிச்சுப் போடுவதற்கும் இதே கதிதான். நம் ஒன்பதில் இராகு கேது சேர்ந்திருப்பது வேறு கணக்கு.

தெளிவான பிறப்பு எப்படி இருக்கும்?

ஒப்பிட்டுப் பார்க்க, அதே பொருளுள்ள இன்னொரு தொடர்: ‘ஓவர் த மூன்’, நிலாவுக்கு மேலே. 1718-இல் வெளிவந்த ஓர் ஆங்கில நாடகத்தில் ஒரு பாத்திரம், மகிழ்ச்சியில் நிலாவையே தாண்டிக் குதிப்பேன் என்று சொல்கிறது. பசு நிலாவைத் தாண்டிக் குதிக்கும் குழந்தைப் பாட்டு 1765 வாக்கில் அச்சில் வருகிறது. 1970-களில் பிரிட்டனின் கால்பந்துப் பயிற்சியாளர்கள் ஆட்டம் முடிந்து தரும் பேட்டிகளில் வாய்ப்பாடுபோலச் சொல்லத் தொடங்க, தொடர் வீட்டுக்கு வீடு போய்ச் சேர்ந்தது. இங்கே படிமம் முதல் நாளிலிருந்து ஒன்றே, பொருளும் ஒன்றே. இதை யாரும் விண்வெளிப் பயணத்தோடு முடிச்சுப் போட்டால் 1718 என்ற ஓர் ஆண்டே பதில் சொல்லிவிடும்.

தமிழில் என்ன எழுதுவது?

‘அவர் ஒன்பதாவது மேகத்தில் இருக்கிறார்’ என்று நேராகப் பெயர்த்த தலைப்புகள் நம்மிடம் வரத் தொடங்கியிருக்கின்றன. இதில் இரண்டு பிழைகள். எண்ணுக்கு ஆங்கிலத்திலேயே கணக்கு இல்லாதபோது தமிழில் அது வெறும் புதிராகிவிடுகிறது. அதோடு, தமிழில் மேகம் மயக்கத்தின் இடமில்லை, மழை தருவது. கைம்மாறு கருதாமல் கொடுப்பவருக்கு நாம் சொல்லும் உவமை அது.

துள்ளும், சற்றே நிலைதப்பிய மகிழ்ச்சிக்குத் தமிழில் சொற்கள் நிறைய உண்டு. ‘கால் தரையில் பாவவில்லை’ என்பது ஏறக்குறைய அதே படிமம். ‘தலைகால் புரியாத சந்தோஷம்’ மூன்றாவதாகச் சொன்ன அந்தச் சாயலையும் சேர்த்தே கொண்டுவந்துவிடும். ‘வானத்தில் மிதக்கிறார்’ செய்தித் தலைப்புக்குப் போதும். ‘உச்சி குளிர்ந்தது’ புகழ்ச்சி கேட்டவருக்குப் பொருந்தும். ‘வயிற்றில் பால் வார்த்தது’ கவலை தீர்ந்தவருக்கு உரியது, கோப்பை வென்றவருக்கு ஆகாது.

மொழிபெயர்ப்பவர்களுக்கு இன்னொன்று. 1950-களின் அமெரிக்கக் கதையொன்றில் ‘கிளவுட் செவன்’ என்று கண்டால் அச்சுப்பிழை என்று எண்ணி ஒன்பதாகத் திருத்திவிட வேண்டாம். அந்தக் கதை எழுதப்பட்ட நாளில் அது வழக்கில் இருந்த வடிவம்.